ஈயம் இல்லாத பெரோமின் செரமிக்: தராசு முதல் குளிர்ச்சி அளவீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் ஈயம் இல்லாத பெரோமின் செரமிக்கைச் செய்து அளக்கும் வேலையைச் செய்கிறேன். பெரோமின் பொருள் என்றால், தானாகவே மின்முனைவாக்கம் கொண்டிருந்து, வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் அதன் திசை மாறும் பொருள். புதிதாக வருபவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதும் என் பொறுப்பு. ஹட்டன், பண்டாரவளை, நாவலப்பிட்டி என்று எந்த ஊர்ப் பிள்ளை வந்தாலும் வழுக்குகிற இடம் ஒன்றுதான். கடைசியில் பி-இ வளையம் (மின்புலத்துக்கு எதிரே முனைவாக்கத்தை வரையும் கோடு) உருளைக்கிழங்கு மாதிரி வீங்கி நிற்கும். "அக்கா, மெஷின்ல ஏதோ கோளாறு" என்பார்கள். மெஷின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன், மழை கொட்டிய ஒரு பிற்பகலில், தராசுக்குப் பக்கத்தில் நடந்த தவறு அது.

ஒரே பெலட்டில், அதாவது தூளை அழுத்திச் சுட்ட சிறு வட்டத் தட்டில், இரண்டு வேலை பார்க்கப் போகிறோம். ஒன்று, மின்புலம் கொடுத்து எடுக்கும்போது எவ்வளவு ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது என்பது. மற்றது, புலத்தை எடுத்தவுடன் பெலட் எவ்வளவு குளிர்கிறது என்பது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியை நம்பித்தான் நிற்கிறது.

1. முதலில் உலையைப் பாருங்கள்

கட்டுரைகளைப் படித்துச் சேர்வையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு உலை அந்த வெப்பநிலைக்குப் போகாது என்று கண்டுபிடிப்பவர்கள் அதிகம். உலையின் பின்பக்கத் தகட்டில் உச்ச வெப்பநிலை எழுதியிருக்கும். அதிலிருந்து 50 பாகையைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புங்கள். நீண்ட நேரம் உச்சத்திலேயே ஓட்டினால் சூடாக்கும் கம்பி சீக்கிரம் போய்விடும்.

1450 பாகை செல்சியஸ் தாங்கும் உலை இருந்தால் பேரியம் சிர்க்கோனியம் தைத்தனேற்றில் தொடங்குங்கள். ஆய்வுகூடத்தில் இதை பி.இசட்.டி என்போம். தைத்தானியத்தின் இடத்தில் 20 சதவீதம் சிர்க்கோனியம் போட்ட சேர்வை புதியவருக்கு நல்லது. ஆவியாகி ஓடும் மூலகம் இதில் கிடையாது. தூய பேரியம் தைத்தனேற்றில் 120 முதல் 130 பாகையில் பெரோமின் குணம் மறையும் மாற்றம், இதில் 30 முதல் 45 பாகைக்குள் இறங்கிவிடும். ஒரு சாதாரண சூடாக்கும் தட்டை வைத்தே, அந்த மாற்றத்தில் வரும் கொள்ளளவு உச்சத்தின் இரு பக்கத்தையும் பார்த்துவிடலாம்.

உலை 1200 பாகைக்கு மேல் போகாது என்றால் பிசுமது சோடியம் தைத்தனேற்றுப் பக்கம் போகவேண்டும். அது 1100 முதல் 1150 பாகையிலேயே இறுகிவிடும். ஆனால் பிசுமதும் சோடியமும் சூட்டில் ஆவியாகும், சோடியம் காபனேற்று காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். எளிதான உலை, கடினமான வேதியியல். இந்த வழிகாட்டி பி.இசட்.டியை வைத்தே போகும், மற்றதற்கு வேண்டிய மாற்றத்தை ஆங்காங்கே சொல்கிறேன்.

2. கையில் இருக்கவேண்டியவை

பேரியம் காபனேற்று, தைத்தானியம் ஈரொட்சைட்டு, சிர்க்கோனியம் ஈரொட்சைட்டு. மூன்றும் 99 சதவீதத்துக்கு மேல் தூய்மை. 0.0001 கிராம் காட்டும் தராசு, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்), சிர்க்கோனியா உருண்டைகள், நீரற்ற எதனோல், 10 மி.மீ டை (தூளை அழுத்தும் அச்சு), அலுமினா கிண்ணம், வெள்ளிப் பசை, சிலிக்கன் எண்ணெய். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் சூடாக்கி மீட்டெடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் அது ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காது.

ஈயம் இல்லை என்றதும் நஞ்சு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேரியம் காபனேற்று ஒரு காலத்தில் எலிமருந்தாகப் பயன்பட்டது. நீரில் அவ்வளவாகக் கரையாவிட்டாலும் வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். முகக்கவசம், கையுறை இரண்டும் கட்டாயம். பிளேன் டீ கோப்பை தராசு மேசைக்கு வரவே கூடாது. தேயிலைக்கு நடுவில் வளர்ந்த நமக்கு அதுதான் கஷ்டமான விதி என்று தெரியும், இருந்தாலும் வெளியே போய்க் குடியுங்கள்.

3. கணக்கு

20 கிராம் பி.இசட்.டிக்கு ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன். ஒரு மூல் 241.86 கிராம். ஆக 20 கிராம் என்பது 0.08269 மூல். அதற்குப் பேரியம் காபனேற்று 16.318 கிராம், தைத்தானியம் ஈரொட்சைட்டு 5.283 கிராம், சிர்க்கோனியம் ஈரொட்சைட்டு 2.038 கிராம். கூட்டினால் 23.639 வரும். அதில் 3.639 கிராம் காபனீரொட்சைட்டாக வெளியேறும். அதாவது 15.4 சதவீதம். இந்த எண்ணை நோட்டில் பெரிதாக எழுதிவையுங்கள், ஆறாவது படியில் தேவைப்படும்.

போத்தலில் 99.0 சதவீதம் என்று போட்டிருந்தால் எடையை 0.990 ஆல் வகுங்கள். பெருக்கிவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

4. உலர்த்துவதும் நிறுப்பதும்

இந்த வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது.

மூன்று தூளையும் தனித்தனிக் கிண்ணத்தில், 150 முதல் 200 பாகையில், ஓர் இரவு உலர்த்துங்கள். மலைநாட்டுக் காற்றில் வைகாசி முதல் புரட்டாசி வரை ஈரம் எப்போதும் நிறைந்திருக்கும். திறந்துவைத்த போத்தலின் மேற்பரப்பில் அந்த ஈரம் ஒட்டிக்கொள்ளும். தராசுக்குத் தண்ணீரும் பேரியமும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே நிறுக்கும். அப்போது நீங்கள் போட்டதாக நினைத்த பேரியத்தைவிட உள்ளே போனது குறைவு.

அந்தக் குறை இப்போது தெரியாது. தைத்தானியம் மிஞ்சினால் 1320 பாகையைத் தாண்டும்போது பெலட்டுக்குள் சிறிது திரவம் உண்டாகி, செரமிக்கின் சில படிக மணிகள் மட்டும் பெரிதாக வளர்ந்துவிடும். அப்படிப்பட்ட பெலட் உயர் மின்புலத்தில் முதலில் உடையும். பேரியம் மிஞ்சினால் வேறொரு கூத்து. உண்டாகும் துணைச்சேர்வை காற்றின் ஈரத்தோடு தாக்கமடையும். நன்றாக இருந்த பெலட்டை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் ஓரம் உதிர்ந்து கிடக்கும்.

உலர்ந்ததை நேரே தராசில் வைக்காதீர்கள். சூடான கிண்ணத்தைச் சுற்றிக் காற்று மேலெழும், தராசு குறைத்துக் காட்டும். டெசிகேட்டரில் அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்தவுடன் மூடுங்கள். எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் தூள் ஈரம் குடிக்கிறது, திரும்ப அடுப்புக்குப் போகவேண்டும். சூடு முழுக்க ஆறாமல் வைத்தாலும், ஆற ஆற எண் ஏறும், அதனால் முதலில் ஆறிவிட்டதா என்று பாருங்கள்.

பிசுமது சோடியம் வழியில் போகிறவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. சோடியம் காபனேற்றின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டால் எடை 17 சதவீதம் கூடிவிடும். மழை நாளில் அதை நிறுக்கவே வேண்டாம் என்பது என் சொந்த விதி.

ஒரு சின்ன ஒழுங்கு: பேரியம் காபனேற்றில் பாதியை முதலில் போட்டு, நடுவில் சிர்க்கோனியம், அதன்மேல் தைத்தானியம், கடைசியில் மிச்சப் பேரியம். குறைவாகப் போடும் பொருள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டால் விகிதம் கெட்டுவிடும் என்பதால்தான் அதை நடுவில் புதைக்கிறோம்.

5. அரைத்தல்

சிர்க்கோனியா உருண்டைகளோடு எதனோலில் 12 முதல் 24 மணி நேரம். உருளும் மில்லாக இருந்தால் 24, பிளானட்டரி மில்லாக இருந்தால் குறைவு போதும். எதனோல் ஏன் என்றால், சீக்கிரம் காயும். சோடியச் சேர்வையாக இருந்தால் வேறு வழியே இல்லை, தண்ணீரில் சோடியம் காபனேற்று கரைந்து, காயும்போது மேற்பரப்புக்கு ஓடிவிடும்.

அரைத்ததைத் தட்டில் ஊற்றி அப்படியே ஒரு இரவு விடாதீர்கள். சிர்க்கோனியம் ஈரொட்சைட்டின் அடர்த்தி ஒரு கன செ.மீக்கு 5.7 கிராம், மற்ற இரண்டும் 4.3 அளவில். கனமானது அடியில் தங்கிவிடும். புகையகற்றிக்குக் கீழே, கிளறிக்கொண்டே காயவைக்கவேண்டும். கம்பி வெளியே தெரியும் அடுப்பின் பக்கம் எதனோலைக் கொண்டுபோகாதீர்கள்.

6. முதல் சூடு

கல்சினேஷன் என்று சொல்கிற படி இது. மூடிய அலுமினா கிண்ணத்தில் 1150 முதல் 1200 பாகையில் 4 மணி நேரம். தூளைக் கிண்ணத்தில் அமுக்கி நிரப்பாதீர்கள், காபனீரொட்சைட்டு வெளியேற இடம் வேண்டும்.

கிண்ணத்தை வெறுமையாகவும், தூளோடும், சுட்ட பிறகும் மூன்று முறை நிறுங்கள். இழப்பு 15.4 சதவீதத்துக்கு அருகே இருக்கவேண்டும். 13 என்றால் காபனேற்று இன்னும் மிச்சம், திரும்ப அரைத்துத் திரும்பச் சுடுங்கள். 17 என்றால் ஈரம் உள்ளே போயிருந்தது, அந்தத் தொகுதியைக் கைவிடுவதே மலிவு. எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) மாதிரி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இந்தத் தராசுச் சோதனை ஓசியில் கிடைக்கும் முதல் பதில். எக்ஸ்ஆர்டி வந்ததும் செப்புக் கதிரில் 24 பாகைக் கோணத்தை ஒட்டி ஒரு சிறிய உச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேரியம் காபனேற்று மிச்சமிருக்கிறது.

அதன் பிறகு திரும்பவும் ஓர் அரைப்பு. சுட்ட தூள் கட்டிபட்டிருக்கும், கட்டியோடு அழுத்தினால் உள்ளே துளை நிற்கும்.

7. அழுத்துதல்

பொலிவினைல் அற்ககோல் கரைசலைத் தூளின் எடையில் 2 முதல் 3 சதவீதம் திண்மம் வருமாறு கலந்து, காயவைத்து, சல்லடையில் சலியுங்கள். கையில் எடுத்தால் மெல்லிய ரவை மாதிரி ஓடவேண்டும்.

ஒரு பெலட்டுக்கு 0.4 கிராம் போதும். இங்கேதான் அடுத்த பொதுவான தவறு. அகச்சிவப்பு நிறமாலைக்கு 13 மி.மீ டையில் 8 டன் கொடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் கைப்பிடியை அப்படியே இழுப்பார்கள். 10 மி.மீ டையின் பரப்பு 78.5 சதுர மி.மீ. 1.5 டன் கொடுத்தாலே ஏறக்குறைய 190 மெகாபஸ்கால் அமுக்கம் வந்துவிடும். அதற்குமேல் போனால், விடும்போது பெலட் விரிந்து தொப்பி மாதிரி மேல்தட்டுக் கழன்றுவரும். ஒரு நிமிடம் பிடித்து, மெதுவாக விடுங்கள். சட்டென்று விட்டால் உண்டாகும் கீறல் கண்ணுக்குத் தெரியாது, சின்டரிங்கில் (பெலட்டை உயர் சூட்டில் சுட்டு இறுக்கும் அடுத்த படியில்) வாய் திறக்கும்.

8. சின்டரிங்

முதலில் பைண்டரை, அதாவது தூளை ஒட்டவைத்த பொலிவினைல் அற்ககோலை, எரிக்கவேண்டும். நிமிடத்துக்கு 1 பாகை வீதம் 600 வரை, அங்கே 2 மணி நேரம். அவசரப்பட்டால் வாயு வெளியேற வழி தேடிப் பெலட்டைப் பிளக்கும். அறையிலிருந்து 600க்குப் போகவே ஒன்பதரை மணி நேரம் ஆகும். அதனால் இதைச் சின்ன உலையில் முந்தின நாளே முடித்துவிடுங்கள். எரித்த பெலட் சுண்ணாம்புக்கட்டி மாதிரிப் பலவீனமாக இருக்கும், இடுக்கியால் நசுக்காமல் மெல்லிய தகட்டில் ஏந்திப் பெரிய உலைக்கு மாற்றுங்கள்.

அலுமினாவில் நேரே வைத்தால் தாக்கமடைந்து ஒட்டிக்கொள்ளும். அதே சேர்வையின் சுட்ட தூளை மெத்தை மாதிரிப் பரப்பி அதன்மேல் வையுங்கள். பிசுமதுச் சேர்வையில் பெலட்டை அதே தூளுக்குள் முழுக்கப் புதைத்து மூடவேண்டும், அப்போதுதான் ஆவி பெலட்டிலிருந்து போகாது.

நிமிடத்துக்கு 5 பாகை, 1400 வரை, 4 மணி நேரம் நிறுத்தம். இனி எந்த நேரத்தில் தொடங்குவது என்பதைச் சொல்லவேண்டும், எந்தப் பாடநூலிலும் இது இருக்காது. பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நம் பக்கம் பிற்பகலில் இடி இறங்கும், கரண்ட் போகும். காலையில் தொடங்கினால் உலை உச்சியில் நிற்கும் நேரமும் இடி நேரமும் ஒன்றாகிவிடும். நான் இரவு 8 மணிக்குத் தொடங்குவேன். 12.35க்கு 1400 தொடும், 4.35க்கு நிறுத்தம் முடியும், காலையில் ஆறத் தொடங்கியிருக்கும்.

உலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வது என்று ஓர் அமைப்பு உண்டு. விட்ட இடத்திலிருந்து தொடர்வது, முதலிலிருந்து தொடங்குவது, நின்றுவிடுவது என்று மாதிரிக்கு மாதிரி வேறுபடும். ஒருமுறை நான் பார்க்காமல் விட்டேன். விடியற்காலை 3 மணிக்குக் கரண்ட் போய் வந்தது. உலை முதலிலிருந்து தொடங்கி, காலை 8 மணிக்கு இரண்டாம் முறையாக 1400இல் உட்கார்ந்திருந்தது. ஆறு பெலட்டும் கண்ணாடி மாதிரி ஒலித்தன, மணிகள் வளர்ந்து பயனில்லாமல் போயிருந்தன. அன்றிலிருந்து நின்றுவிடும் அமைப்பில்தான் வைக்கிறேன். பாதியில் நின்றதைக் குறித்துவைத்து, பெலட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். ஆனால் இருமுறை சுட்டதை ஒருமுறை சுட்டதாக நினைத்து அளந்துவிட்டால் திருத்த வழியில்லை.

9. அடர்த்தி, தேய்ப்பு, வெள்ளி

10 மி.மீ பெலட் 8.5 மி.மீ அளவுக்குச் சுருங்கியிருக்கவேண்டும். ஆக்கிமிடிசு முறையில் அடர்த்தி பாருங்கள். படிக அளவிலிருந்து வரும் முழு அடர்த்தி ஒரு கன செ.மீக்கு 6.05 கிராம் அண்டை. அதில் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உயர் மின்னழுத்தத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். துளைக்குள் இருக்கும் காற்றுதான் முதலில் உடையும், கூடவே செரமிக்கும்.

தேய்த்து 0.25 மி.மீ ஆக்குங்கள். மெலிந்தால் குறைந்த வோல்ட்டிலேயே அதிக புலம் கிடைக்கும், ஆனால் 0.2க்குக் கீழே கையால் தேய்ப்பது கண்ணீரில்தான் முடியும். நடுவிலும் நான்கு ஓரத்திலும் மைக்ரோமீற்றர் வைத்துப் பாருங்கள். ஆப்பு மாதிரிச் சரிந்திருந்தால் மெல்லிய ஓரத்தில் புலம் கூடி அங்கேயே வெடிக்கும்.

வெள்ளிப் பசையை இரு பக்கமும் 6 மி.மீ வட்டமாகப் பூசி 550 முதல் 600 பாகையில் சுடுங்கள். ஓரம்வரை பூசாதீர்கள். ஒரு மி.மீக்குமேல் வெறும் செரமிக் விட்டால்தான் மின்பொறி ஓரத்தைச் சுற்றித் தாவாது.

10. உயர் மின்னழுத்தத்துக்கு முன் எல்சிஆர் (கொள்ளளவு அளக்கும் மீற்றர்)

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பெலட்டை மட்டும் அல்ல, சிலசமயம் உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பெருக்கியையும் இழக்கிறார்கள்.

பெலட்டை 150 பாகையில் 2 மணி நேரம் உலர்த்தி, ஆறியதும் 1 கிலோஹேர்ட்ஸில் கொள்ளளவையும் மின் இழப்பையும் பாருங்கள். மேலே சொன்ன 6 மி.மீ, 0.25 மி.மீ அளவுகளில் ஒரு வசதி உண்டு. பரப்பையும் தடிப்பையும் போட்டுக் கணக்கிட்டால், மீற்றர் காட்டும் பிக்கோஃபாரட் எண்ணே ஏறக்குறைய சார் அனுமதித்திறன் (வெற்றிடத்தைவிடப் பொருள் எத்தனை மடங்கு மின்னேற்றம் தேக்கும் என்ற எண்) ஆகிவிடும். 5000 பிக்கோஃபாரட் என்றால் 5000. அதற்காகவே நாங்கள் அந்த அளவை மாற்றுவதில்லை.

இழப்பு 0.05ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். பெலட்டை எதனோலில் துடைத்து, திரும்ப உலர்த்தி, திரும்ப அளந்துபாருங்கள். குறைந்துவிட்டால் மேற்பரப்பு ஈரம்தான். குறையாவிட்டால் கோளாறு பெலட்டுக்குள். வெப்பநிலையை 20 முதல் 100 பாகைவரை ஏற்றி உச்சம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் படியில் அந்த உச்சத்தின் அக்கம்பக்கம்தான் வேலை.

11. பி-இ வளையமும் ஆற்றல் கணக்கும்

0.25 மி.மீக்கு 1250 வோல்ட் கொடுத்தால் 50 கிலோவோல்ட்/செ.மீ. சிலிக்கன் எண்ணெயில் மூழ்கவைத்து, 10 கிலோவோல்ட்/செ.மீயிலிருந்து படிப்படியாக ஏறுங்கள். தனியாக இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. பெலட்டைத் தொடுமுன் பூமிக்கம்பியால் மின்னிறக்குங்கள்.

சோயர்-டவர் சுற்றை (பெலட்டோடு தொடராக ஒரு கொள்ளளவியைப் போட்டு முனைவாக்கத்தை அளக்கும் சுற்று) சொந்தமாகக் கட்டுகிறவர்கள் ஒப்புக் கொள்ளளவியை 1 மைக்ரோஃபாரட் வையுங்கள், பெலட்டைவிட 200 மடங்கு. ஒரு சதுர செ.மீக்கு 12 மைக்ரோகூலோம் முனைவாக்கம் இருந்தால் அதில் 3.4 வோல்ட் தெரியும், அலைகாட்டிக்கு அது தாராளம். ஆனால் அலைகாட்டியின் 1 மெகாஓம் உள்தடை அந்தக் கொள்ளளவியைச் சொட்டுச்சொட்டாக வடித்துவிடும். 1 ஹேர்ட்ஸில் வளையத்தின் வடிவமே கெடும். பத்து மடங்கு புரோப் போட்டு, 10 ஹேர்ட்ஸில் ஓட்டுங்கள்.

மீளும் ஆற்றல் என்பது, புலம் இறங்கும் கோட்டுக்கும் முனைவாக்க அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு. வளையத்தின் உட்பரப்பு இழப்பு. கணித்தாளில் இறங்கும் கோட்டை மட்டும் பிரித்தெடுத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் சராசரிப் புலத்தை முனைவாக்க வித்தியாசத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். கிலோவோல்ட்/செ.மீயை மைக்ரோகூலோம்/சதுர செ.மீயால் பெருக்கினால் நேரே மில்லிஜூல்/கன செ.மீ வரும். 50 புலம், 12 முனைவாக்கம், கோடு நேராக இருந்தால் பாதிப் பெருக்கம் 300 மில்லிஜூல். பெரோமின் பொருளின் கோடு சீக்கிரமே நிறைவெய்தி வளைவதால் உண்மை எண் அதற்குக் கீழேதான் வரவேண்டும். மேலே வந்தால் அச்சை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது கசிவு மின்னோட்டத்தை முனைவாக்கமாக எண்ணியிருக்கிறீர்கள். மேல்நுனி கூராக இல்லாமல் உருண்டிருந்தால் பின்னதுதான்.

12. குளிர்ச்சி

மறைமுக வழியில் ஒவ்வொரு 5 பாகைக்கும் ஒரு வளையம் எடுக்கவேண்டும். வெப்பநிலை நிலைத்தபின் பத்து நிமிடம் காத்திருங்கள், எண்ணெய் சூடானவுடன் பெலட் சூடாகிவிடாது. பிறகு ஒரே புலத்தில் முனைவாக்கம் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்ற சரிவைக் கண்டு, மக்ஸ்வெல் தொடர்பில் போடவேண்டும்: கெல்வின் வெப்பநிலை, அந்தச் சரிவு, புல மாற்றம் மூன்றையும் பெருக்கி, அடர்த்தியும் தன்வெப்பக் கொள்ளளவும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் வெப்பநிலை மாற்றம்.

ஓர் உதாரணம். 310 கெல்வின், சரிவு ஒரு பாகைக்கு 0.1 மைக்ரோகூலோம்/சதுர செ.மீ, புலம் 30 கிலோவோல்ட்/செ.மீ. அலகு மாற்றினால் 0.001 கூலோம்/சதுர மீற்றர், 30 இலட்சம் வோல்ட்/மீற்றர். கீழே 26 இலட்சம் ஜூல் ஒரு கன மீற்றருக்கு. விடை 0.36 பாகை. இந்தத் தடிப்பில், இந்தப் புலத்தில், உங்களுக்கு 5 பாகை வந்தால் மகிழ்ச்சி அடையுமுன் அலகைப் பாருங்கள். அலகும் சரியென்றால், புள்ளிகளுக்குள் ஆறாம் அடுக்குப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தியிருப்பீர்கள். அது புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் இல்லாத மேடு பள்ளத்தை உண்டாக்கி, சரிவை ஊதிவிடும். ரிலாக்சர் குணமுள்ள (மாற்றம் ஒரே வெப்பநிலையில் நடக்காமல் பரந்து நடக்கும்) பொருளில், முனைவாக்கம் உறைந்துபோகும் வெப்பநிலைக்குக் கீழே மக்ஸ்வெல் தொடர்பே சரியாகப் பொருந்தாது என்பதையும் மறக்காதீர்கள்.

அதனால் நேரடியாகவும் ஒருமுறை பாருங்கள். மெல்லிய கே வகை தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் இணைக்கம்பியை), நடுவில் மெல்லிய மைக்கா வைத்து, பூமிக்கு இணைத்த பக்கத்தில் ஒட்டுங்கள். தடித்த கம்பியாக இருந்தால் பெலட்டின் சூட்டைத் தானே உறிஞ்சிவிடும். ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ஹந்தானைப் பக்கமிருந்து வரும் ஒரு காற்றுவீச்சு 0.3 பாகையை மறைக்கப் போதும்.

புலத்தைக் கொடுங்கள், சூடு ஏறும். இதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள், கசிவு மின்னோட்டமும் சூடாக்கும். ஒரு நிமிடம் விட்டு, வெப்பநிலை பழைய நிலைக்கு வந்தபின் புலத்தைச் சட்டென்று எடுங்கள். அப்போது வெப்பநிலைக் கோடு அந்தப் பழைய நிலைக்குக் கீழே இறங்கவேண்டும். கசிவால் எந்தப் பொருளையும் குளிர்விக்க முடியாது.